தேவமோகினி யார்?

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி என்னும் பெண்ணொருத்தி திருக்குற்றாலநாதர்பால் காதல் கொண்டு உருகுகிறாள். திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அந்நூலின் போக்கிலேயே பெத்லகேம் குறவஞ்சி பாடினார். எனினும் அவருடைய தலைவி தேவமோகினி தனியாள் அல்லள், திருச்சபையே.

“ஆன்மீகம் போதும், மதம் வேண்டாம்” என்று கூறிக்கொண்டே ஞாயிறுதோறும் தென்காசி ஆலயங்களில் தவறாது அமர்வோர் இன்று உளர். அவர்களுடைய ஏக்கம் வசந்தவல்லியின் ஏக்கம். அதனை நாம் இகழலாகாது. ஆயினும் உடன் ஆராதிப்போரை விலக்கி மணவாளனைத் தனியே அடைய வழியில்லை என்பதைத் தேவமோகினி உணர்த்துகிறாள்.

அதே அளவுகோல் நம்மையும் அளக்கிறது. அங்கத்தினர் பட்டியலும் சபைத் தேர்தலுமே கவலையாகிவிட்ட சபையை அவர்கள் வெறும் மதம் என்றழைத்தால், அதைப் பிரசங்கத்தால் மறுக்க இயலாது. மணவாட்டி முதலில் ஏங்கக் கற்றல் வேண்டும்.