முதலில் மரத்தை அளக்க வேண்டும்

டாங்கி மாடல் வாங்கப் போகிறவன் கேட்கும் கேள்விகள் எல்லாம் டாங்கியைப் பற்றியவை. அளவு 1/35ஆ, 1/72ஆ? அச்சு பழசா, புதுசா? டிராக் ஒரே ரப்பர் பட்டையா, துண்டு துண்டாக ஒட்ட வேண்டியதா? பாகங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்துமா? ரிவெட்டெல்லாம் சரியான இடத்தில் இருக்கிறதா? கடைசியில்தான் விலை. டுரியான் துங்கலில் பொறியியல் படித்த காலத்திலிருந்து நானும் இதே கேள்விகளோடுதான் பெட்டி வாங்குகிறேன். இவை தப்பான கேள்விகள் இல்லை. ஆனால் நம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஓடிய ஒரு டாங்கியை வாங்கும்போது இவை போதவில்லை.

போன மாதம் என் முன் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று தமியா நிறுவனத்தின் சி-ஹா, 1975இல் வந்த அச்சு. இன்னொன்று டிராகன் நிறுவனத்தின் ஹா-கோ. இரண்டும் 1/35. இரண்டு வகை டாங்கிகளையும் ஜப்பானியர் மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். சி-ஹா சுமார் 15 டன், 57 மில்லிமீட்டர் பீரங்கி. 1942 ஜனவரி 7 விடியற்காலையில் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் வரிசையைப் பிளந்துகொண்டு போன படையில் இது இருந்தது. ஹா-கோ அதில் பாதி எடை, 37 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே மூன்றே பேர்.

வழக்கமான கேள்விகளை வைத்துப் பார்த்தால் இப்படித்தான் தேற்றுவோம்: தமியா எளிது, பாகம் குறைவு, புதிதாகத் தொடங்குகிறவர் பயப்படாமல் ஒட்டலாம். ஆனால் பட்டை டிராக் விறைத்து நிற்கும். மேல் சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் தொய்ந்தால்தான் அது இரும்பு மாதிரி தெரியும். டிராகனில் ரிவெட் கூர்மையாக இருக்கும், சின்னப் பாகங்கள் அதிகம், பொறுமை வேண்டும். முடிவு: நேரம் இருந்தால் ஹா-கோ, இல்லையென்றால் சி-ஹா. விமர்சனம் இங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு இங்கே முடியவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிஜ ஹா-கோவின் கவசத் தகடு அதிகபட்சம் 12 மில்லிமீட்டர். 1/35இல் அது 0.34 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லிசாக வார்ப்பது கஷ்டம், ஒரு மில்லிமீட்டராவது வேண்டும். அப்படியென்றால் நம் கையில் இருக்கும் ஹா-கோ நிஜத்தைவிட மூன்று மடங்கு தடித்தது! மூவாரை அடுத்த பாக்ரியில் 1942 ஜனவரி 18 அன்று ஆஸ்திரேலியப் பீரங்கிக்காரர்கள் முதலில் கவசம் துளைக்கும் குண்டை அடித்தார்கள். அது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விட்டது, டாங்கி நிற்கவில்லை. பிறகு வெடிகுண்டுக்கு மாறினார்கள். அன்று அந்தச் சடக்கில் ஒன்பது ஹா-கோக்கள் அழிந்தன. ரிவெட் எண்ணுகிற நாம் இந்த மெல்லிய தகட்டைப் பற்றிக் கேட்பதில்லை. எந்தத் துல்லியம் முக்கியம் என்பதை நமக்கு முன்னால் அச்சு முடிவு செய்துவிடுகிறது.

அந்த நாளின் புகைப்படம் பிரபலமானது. முன்னால் சிறிய பீரங்கி, தூரத்தில் டாங்கி, சடக்கின் குறுக்கே சாய்ந்து கிடக்கும் மரம். அந்தக் காட்சியைத்தான் செய்ய நினைத்தேன், இரண்டு பக்கமும் பால் மரத்தோடு. அளவெடுத்தபோதுதான் உறைத்தது. ஹா-கோவின் நீளம் 4.38 மீட்டர், 1/35இல் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். இருபது மீட்டர் உயரப் பால் மரம் 57 சென்டிமீட்டர். என் அலமாரித் தட்டு முப்பதுதான். 1/72 என்றால் மரம் 28 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், ஆனால் பத்து சென்டிமீட்டர் மங்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அதைப் பார்த்து மங்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தூசி என்பார்கள். ஆக, அளவைத் தீர்மானிக்க வேண்டியது டாங்கி இல்லை. மரம் முழுதாக வேண்டுமா, மங்கு தெரிய வேண்டுமா? அதை முடிவு செய்த பிறகு பெட்டியைத் தேடினால் போதும்.

ஆட்கள் விஷயம் இன்னும் மோசம். ஜப்பான் சிப்பாய் பொம்மை எத்தனையோ நிலையில் கிடைக்கிறது. தோட்டத்துப் பெண் ஒருத்திகூட நான் தேடியவரை கிடைக்கவில்லை. கிட்டோடு வரும் வரலாற்றுக் குறிப்பில் எடை, என்ஜின், பீரங்கி இருக்கும். தோட்டத்திலிருந்து சயாமுக்கு ஏற்றப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ள நான் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயி’லுக்கும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்ன’த்துக்கும்தான் போக வேண்டியிருந்தது. 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்குப் போன எங்கள் கொள்ளுத்தாத்தா திரும்பவில்லை. அந்த வீட்டு அலமாரியில் ஜப்பான் டாங்கி எதற்கு என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதுண்டு. வாங்காமல் இருப்பது ஒரு பதில்தான். ஆனால் வாங்காமல் இருந்தால் அந்தச் சடக்கைப் பற்றிய பேச்சு முழுக்க ரிவெட்காரர்கள் கையிலேயே இருந்துவிடும்.

ஹா-கோவை வாங்கினேன், 1/35. மரங்களை முப்பது சென்டிமீட்டரில் வெட்டிவிட்டேன், மேலே இலை இல்லை. பட்டையில் சாய்வாகப் பால் வெட்டு, அதற்குக் கீழே மூன்று மில்லிமீட்டரில் மங்கு. கம்பி வளையத்தில் நிமிர்த்தி வைத்து, உள்ளே ஒரு சொட்டு வெள்ளைப் பெயிண்ட்கூட விட்டிருந்தேன். தோட்டத்தில் வளர்ந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். டாங்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“ஏன்யா, சண்டை நடக்குறப்ப எவன் பால் வெட்டுவான்? வெட்டு இல்லாத நாளு மங்க கவுத்துல்ல வச்சிருப்பாங்க?”

நான் படித்த எந்தக் கிட் விமர்சனத்திலும் இப்படி ஒரு பிழையை யாரும் சுட்டிக்காட்டியதில்லை. இதுவும் ரிவெட் கணக்குதான், ஆனால் கவிழ்ந்த மங்கு என்றால் அன்று கூலி இல்லை. பதினாறு மங்கையும் பிடுங்கி, பெயிண்டைச் சுரண்டி, கவிழ்த்து ஒட்ட இரண்டு இரவு பிடித்தது.

இனி யாராவது என்னிடம் எந்த டாங்கி கிட் வாங்கலாம் என்று கேட்டால், அது எந்த மண்ணில் நிற்கப் போகிறது என்று முதலில் கேட்பேன். டிராக்கைப் பற்றி அப்புறம் பேசலாம்.