சேத எண்ணும் மெய்ப்பாடும்: ‘ஸ்கைரிம்’ மோட்களை முன்வைத்து

2011ஆம் ஆண்டு பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’ கணினி விளையாட்டில், வாள் எதிரியின்மேல் விழும்போது திரையில் எண் எதுவும் தோன்றுவதில்லை. எதிரியின் உயிரளவு சிவப்புக் கோடாகக் காட்டப்படுகிறது. அடி விழ விழ அது சுருங்குகிறது. எவ்வளவு குறைந்தது என்பதை ஆட்டக்காரர் கண்மதிப்பாகவே கொள்ளவேண்டும். இம்மௌனத்தை ரசிகர்கள் உருவாக்கிய மோட்கள் கலைத்தன. அடிபட்ட உடலுக்கு மேலே சேத எண் மிதந்தெழுந்து மறையுமாறு அவை செய்கின்றன. அதன் அளவு, நிறம், திரையில் நிற்கும் நேரம் போன்றவற்றை ஆட்டக்காரரே மாற்றிக்கொள்ளவும் இடமளிக்கின்றன. இத்தெரிவுகளை வெறும் அலங்காரமாகக் கருதுதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எண் தோன்றினால் கற்பனை உலகில் தோய்தல் குலையும் என்பது இம்மோட்களுக்கு எதிரான வழக்கமான வாதம். ஸ்கைரிமைப் பொறுத்தவரை இவ்வாதம் வலுவற்றது. இரும்பு வாளின் அடிப்படைச் சேதம் 7; திறனுக்கேற்ப உயரும் அவ்வெண்ணைப் பொருட்பட்டியலே காட்டிவிடுகிறது. பட்டியலைத் திறந்த கணத்தில் போர்க்களம் முழுவதும் உறைந்தும் விடுகிறது. பையில் பேசும் எண் களத்தில் மட்டும் ஏன் வாய்மூடவேண்டும்? ‘லெஜண்டரி’ என்னும் கடினநிலையில் ஆட்டக்காரர் தரும் சேதம் கால்பங்காகிறது. பெறும் சேதம் மும்மடங்காகிறது. எதிரியின் கவசத்தைக் கணக்கில் கொள்ளாவிடினும், 7 என்னும் அடிப்படைச் சேதம் 1.75 ஆகச் சுருங்கிவிடுகிறது. எதிரியின் போர்த்திறன் கூடவில்லை. பெருக்கெண் மாறியிருக்கிறது, அவ்வளவே. சிவப்புக் கோடு மறைத்த இவ்வேற்பாட்டை மிதக்கும் எண் வெளிப்படுத்துகிறது.

தனிப்பயனாக்கம் விளக்கவுரையாக மாறும் இடமும் இதுவே. பதின்மத்தை நீக்கி முழு எண்ணாக்கினால் 1.75 திரையில் 2 ஆகும். மறைப்பு சற்றே திரும்பி வரும். கிரிட்டிகல் அடிக்குப் பெரிய மஞ்சள் எழுத்தைத் தெரிந்தால் கண் வாளைவிட்டு எண்ணுக்குத் தாவும். சிறிய, வெளிறிய எண்ணே இவ்விளையாட்டின் பனிநிலத்துக்கு இசைவது என்பது என் கணிப்பு. ஆரவாரமான அமைப்பை விரும்புவோர் வேறொரு விளையாட்டை ஆடுகின்றனர் என்றே சொல்லலாம்.

தோய்தல் வாதத்துக்கு உண்மையான வலு கேப்காம் நிறுவனத்தின் ‘மான்ஸ்டர் ஹன்டர்’ வரிசையில் உண்டு. அங்கே விலங்கு களைத்தால் எச்சில் வடிக்கும். இறுதி நெருங்கினால் நொண்டிச் செல்லும். உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுதலைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பேசுகிறது. அது மாந்தர் உணர்வு பற்றியது. எனினும் அக்கருவியை இங்குக் கடன்பெறலாம். வேட்டைக்காரர் விலங்கின் மெய்ப்பாட்டைப் படிக்கும் வாசகர். 2018இல் வெளியான ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ சேத எண்ணைத் தானே கொண்டுவந்தது, வேண்டாதோர் அணைத்துவிடவும் வகைசெய்தது. ஆனால் மொத்த உயிரளவைக் காட்டவில்லை. மென்பகுதியில் பட்ட அடி ஆரஞ்சு நிற எண்ணாகத் தோன்றும். ஆகவே அவ்வெண் எங்கே அடிப்பது என்பதைச் சொல்லுமேயன்றி, எப்போது வீழும் என்பதைச் சொல்லாது. பின்னதற்கு நொண்டும் காலைத்தான் நோக்கவேண்டும் (வரைபடத்தில் மண்டையோட்டுக் குறியொன்று உதவுவதையும் மறுப்பதற்கில்லை). கணினிப் பதிப்பில் ‘ஹன்டர்பை’ என்னும் புறச்செயலி மொத்த உயிரளவையும் திரைமேல் இட்டபோதுதான் நொண்டும் கால் வேலையிழந்தது. எண்ணைச் சேர்ப்பது வேறு, அதன் மொத்தத்தைச் சேர்ப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதே தோய்தல் விவாதத்தின் குறை.

நிறத்தெரிவு குறித்து ஒன்று கூறவேண்டும். சேதத்துக்குச் சிவப்பும் நலம்பெறுதலுக்குப் பச்சையும் இடுவது விளையாட்டுகளில் பரவலான மரபு. இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத ஆட்டக்காரருக்கு, தாம் அடிபட்டோமா தேறினோமா என்பதே அம்மரபில் தெளிவாகாது. நீலத்தையும் மஞ்சளையும் தெரிந்துகொள்ள மோட் தரும் சிறு பெட்டி அவருக்கு விளையாட்டையே திறந்துவிடுகிறது.