ஏம்பலத்தின் இரு வாயில்கள்

உலக மக்களின் உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் புதுவழி கண்டோரைப் பற்றிய எழுத்துக்கள் இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றின் அமைப்பு படித்துப் பழகியோர்க்கு நன்கு தெரிந்ததே. முதலில் இருள் சூழ்ந்த ஓர் ஊர். பிறகு அவ்வூருக்கு வரும் அறிஞர் ஒருவர். அவர் கையில் ஒரு கருவி. முடிவில் ஒரு பரிசளிப்பு விழா. ஊர் மக்கள் நன்றி கூறுவதற்காக மட்டும் ஓரிரு வரிகளில் தோன்றி மறைவர். நம்முடைய அருட்பணி வரலாறுகளிற் பலவும் இதே அச்சில் வார்க்கப்பட்டவையே. ஆகவே இவ்வகை எழுத்தைக் குறைகூற நமக்கு உரிமை உண்டோ என்று கேட்கலாம். உரிமை குறைவு என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம். புதுச்சேரியின் வில்லியனூரை நடுவாகக் கொண்டு சுற்றுப்புறச் சிற்றூர்களில் நடைபெற்ற ஒரு முயற்சியையும், அதைப்பற்றி உலகம் சொல்லிக்கொண்ட கதையையும் இங்கே ஆராய விரும்புகிறோம்.

வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் 1987ஆம் ஆண்டில் முதலாவது உலக உணவுப் பரிசைப் பெற்றார். அப்பரிசுத் தொகையைக் கொண்டு அடுத்த ஆண்டு சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. அந்நிறுவனம் 1998இல், கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் துணையுடன், புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளை நிலையங்கள். கீழூர் என்றதும் நம்முள் முதியோர்க்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் மக்கள் சார்பாளர் 178 பேர் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த இடம் அது. அரசியல் விடுதலையின் வாயிலாக அமைந்த அச்சிற்றூருக்கு 44 ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறி வந்தது.

தொலைபேசி வசதி போதாத ஊர்களுக்கு வில்லியனூரிலிருந்து கம்பியில்லாக் கருவிகள் வழியே செய்தி அனுப்பினர். மின்சாரம் நின்றுபோகும் வேளைக்குச் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தினர். இவற்றையே வெளிநாட்டு ஏடுகள் விரித்தெழுதின. நமக்கோ இவற்றைவிட வியப்புத் தருவது வேறொன்று. மக்களுக்கு எது தெரியவேண்டும் என்பதை அறிஞர்கள் தாமே முடிவுசெய்துவிடாமல், முதலில் மக்களையே கேட்டனர். நெல்லுக்கும் உரத்துக்கும் என்ன விலை, எந்த அரசு உதவிக்கு யார் தகுதியுடையோர், மருத்துவர் எந்நேரம் இருப்பார், மாட்டுக்கு நோய் கண்டால் யாரிடம் ஓடுவது: மக்கள் கேட்டவை இவையே. உலக அறிவு அனைத்தையும் கொண்டுவந்து கொட்ட வல்ல கருவியிடம் அவர்கள் கேட்டது அடுத்த ஊரைப்பற்றிய அறிவை! இதை உணர்ந்து உள்ளூர்ச் செய்திகளைத் தமிழில் தொகுத்ததும், பின்னாளில் ‘நம்ம ஊர் செய்தி’ என்னும் சிற்றிதழை வெளியிட்டதும் அத்திட்டத்தார் காட்டிய உண்மையான புதுமை எனலாம். நிலையங்களைக் காத்து நடத்தியோரிற் பலர் அவ்வவ்வூர்ப் பெண்கள்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இம்முயற்சியைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வெளியிட்டது. கீழூரில் எழுத்தறியாப் பெண் ஒருவரின் ஒரே கறவைப் பசு ஐந்து நாள் ஈனமுடியாமல் வருந்தியதை அது கூறுகிறது. செய்தியறிந்த விவசாயி ஒருவரின் மகள் கணிப்பொறியில் கால்நடை மருத்துவர்களின் பட்டியலைத் தேடினார். அன்றிரவே மருத்துவர் ஒருவர் வந்து, ஒற்றை மின்விளக்கொளியில் கன்றின் காலில் கயிறுகட்டி இழுத்துத் தாயையும் கன்றையும் காத்தார். நல்ல கதை, உண்மைக் கதை. ஒரு பசுவை இழப்பது அத்தகைய குடும்பத்துக்கு என்ன பொருள் என்பதை நம் ஊர்களை அறிந்தவர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இக்கதையில் கருவி செய்தது என்ன? ஒரு பெயரைக் கொடுத்தது. பிறர் பசுவுக்காகக் கவலைகொண்ட அயலாரும், இரவில் எழுந்துவந்த மருத்துவரும் இல்லையேல் அப்பட்டியல் வெறும் பட்டியலே.

அதே கட்டுரையின் தொடக்கம்தான் நம்மைப் பல நாள் உறங்கவிடாதது. ஏம்பலத்து நிலையம் கோயிற் கட்டடத்திலேயே அமைந்திருந்தது. அக்கோயிலுக்கு இரு வாயில்கள். ஒன்றின் வழியே தாழ்த்தப்பட்டோரும் மாதவிலக்கான பெண்களும் நுழையக்கூடாது, அது வழிபாட்டுக்குரியது. மற்றொன்றின் வழியே எவரும் நுழையலாம். அது கணிப்பொறி நிலையத்துக்குரியது. ஒரு வாயில் பழமைக்கும் மற்றொன்று புதுமைக்கும் செல்வதாகக் கண்டு செய்தியாளர் மகிழ்ந்தார். அவர் படம்பிடித்த காட்சி உண்மையே. அவர் அதற்குக் கொடுத்த பொருளைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை. பழமையும் புதுமையும் எதிரெதிரே நின்றால் ஒன்று மற்றொன்றை வெல்லும் என்று நம்பலாம். இங்கோ அவை ஒரே சுவரில் அருகருகே நின்றன. இரண்டாம் வாயிலைத் திறந்துவிட்ட ஊர், முதல் வாயிலைப் பற்றிப் பேசவேண்டிய தேவையிலிருந்தும் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

திட்டத்தாருக்கு அநீதி இழைக்கலாகாது. சாதி, பால் வேறுபாடின்றி எவரும் வந்துபோகக்கூடிய இடத்தை ஊரார் தரவேண்டும் என்பதை அவர்கள் முதல் நிபந்தனையாகவே வைத்தனர். கணிப்பொறி வேண்டுமென்ற ஆவலை ஒரு பிடியாகக் கொண்டு, கோயிற் கட்டடத்தின் ஒரு பகுதிக்குள்ளேனும் எல்லாரும் நுழையும் உரிமையை அவர்கள் பெற்றுத்தந்தது சிறு செயலன்று. பல்லாண்டு மேடைப்பேச்சுக்கள் செய்யாததை ஒரு கருவி செய்தது. நாம் குறைகாண்பது, அங்கேயே நிறைவடைந்து கைதட்டிய உலகத்தின் பார்வையில். 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்துப் பரிசு இத்திட்டத்துக்கு வந்தது. பரிசுக்கு அளவிடத்தக்கவை எத்தனை ஊர், எத்தனை கருவி, எத்தனை பயனாளர் என்பவை. மூடிய வாயிலை அளக்க அளவுகோல் ஏது?

அறிவுக்கு வாயில் வைப்பது அப்பகுதிக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பெற்ற பாகூர்ச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. வரலாற்று நூல்கள் இதைப் பெருமையுடன் எடுத்துரைக்கும், பெருமைக்குரியதே. மூன்று ஊர்களின் வயல்கள் விளைந்து ஒரு கல்லூரியை ஊட்டின. அவ்வயல்களில் உழுது நாற்று நட்டவர்களுக்கு அக்கல்லூரியின் வாயில் திறந்திருந்ததாகச் செப்பேடு கூறவில்லை. பதினோரு நூற்றாண்டுகளுக்குப்பின் அவ்வட்டாரத்திலேயே எவரும் நுழையத்தக்க அறிவு நிலையம் திறந்ததை இந்த நீண்ட பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமையும் அதன் குறையும் ஒருங்கே விளங்கும். நியூயார்க் ஏட்டுக்கு அப்பின்னணி தேவைப்படவில்லை.

கோயில் வாயிலைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்டுகிறது. புதுச்சேரிக் கத்தோலிக்கக் கோவிலில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்துநின்ற ஒரு சுவரைப் பற்றியும், 1745இல் அது அகற்றப்பட்டதைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அதைச் சொல்லி நாம் தப்பமுடியாது. 1718இல் தரங்கம்பாடியில் எழுந்த நம் புதிய எருசலேம் ஆலயத்திலும் இருக்கைகள் சாதிப்படியே பிரிந்திருந்தன.

மேலும், நாம் போற்றும் மருத்துவப் பணியும் இரண்டாம் வாயில் வழியாகவே நுழைந்தது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஓர் இரவு மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து ஐடா ஸ்கடரின் கதவைத் தட்டிய நிகழ்ச்சி நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூவர் மனைவியரும் பேறுகாலத் துன்பத்திலிருந்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக ஐடா சொல்லியும், அந்நிய ஆடவர் உள்ளே வரலாகாது என்று மூவரும் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவம் பயின்று 1900இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் பணி தொடங்கினார். அவர் அந்த வாயிலோடு வாதாடவில்லை. அவ்வாயில் அனுமதிக்கும் ஒருத்தியாகத் தம்மை ஆக்கிக்கொண்டார். அதனோடு நின்றிருந்தால் ஏம்பலத்தைப் பற்றிய நம் ஐயம் அவர்மேலும் பாயும். ஆனால் 1918இல் அவர் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண் மருத்துவரை உள்ளே அழைக்கமட்டும் இசைந்த சமுதாயத்திலிருந்து பெண்களே மருத்துவராகப் புறப்பட்டு வெளியே வந்தனர். உள்ளே போவதற்கு ஏற்பட்ட வழி, வெளியே வருவதற்கும் வழியாயிற்று. (இறந்துபோன அம்மூன்று பெண்களின் பெயர்களை அக்கதையைச் சொல்வோர் கூறுவதில்லை என்பதையும் இடையே குறித்துவைப்போம்.)

இவ்விடத்தில் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நமக்கு உதவுகிறது. திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வர், வாசற்படியருகே கூட்டம் நெருங்கி நின்றதால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து அவனை இறக்கினர். புதுமை செய்வோர்க்கு இவர்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பிறர் வீட்டுக் கூரையைப் பிரிக்கும் துணிவும், அகலத்தைக் கணித்துக் கட்டிலை இறக்கும் திறமையும் அவர்களிடம் இருந்தன. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. நால்வர் செய்தது கூட்டத்தைச் சுற்றிச் சென்றதே. வாசலில் நின்றவர்கள் அப்போதும் விலகவில்லை. வேதபாரகர் உள்ளே உட்கார்ந்தபடியே இருந்தனர். ஆனால் சுகமானவன் கூரை வழியே திரும்பவில்லை. தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு எல்லாருடைய கண்முன்னேயும் நடந்து சென்றான் என்கிறார் மாற்கு. வருவதற்கு வழிவிடாத அதே கூட்டம் அவன் போவதற்கு வழிவிட்டிருக்கவேண்டும். கூரை வழி வந்தவன் வாசல் வழி வெளியேறினானா என்பதே புதுமையாளர் பணியை நாம் திறனாயும் கேள்வி. பயனாளர் தொகை இதற்கு விடையாகாது.

இக்கேள்வியோடு கடற்கரைக்கு வருவோம். வீராம்பட்டினத்து மீனவர்க்கு அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலைகளின் உயரத்தைப் பற்றிய முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்துத் தமிழாக்கி அனுப்பினர். ஊரில் அதை ஒலிபெருக்கியில் கூறினர். போர்க்கப்பல்களுக்காகக் கணித்த செய்தி கட்டுமரக்காரர்க்குப் பயன்பட்டதைக் கண்டு பலரும் வியந்தனர். நாம் வியப்பது ஒலிபெருக்கியைக் கண்டு. கணிப்பொறியைக் காண ஓர் அறைக்குள் நுழையவேண்டும். ஒலிபெருக்கிக்கோ வாயிலே கிடையாது. எழுத்தறியாதவனும், அறைக்குள் வரத் தயங்கும் பெண்ணும், கரையில் வலை பின்னும் முதியவரும் ஒரே நேரத்தில் அதைக் கேட்பர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் வேலைபார்த்த இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அங்கும் அத்திட்டத்தின் நிலையம் ஒன்று இருந்தது, அது பூட்டிக்கிடந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியை இயக்கி, எல்லாரையும் கரையைவிட்டு ஓடச்செய்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் பிழைத்தனர்.

சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தபோது நாம் படித்த இரங்கலுரைகள் பெரும்பாலும் பசுமைப் புரட்சியையே பேசின. வில்லியனூர் ஓரிரு வரிகளில் வந்தது, ஏம்பலம் வரவில்லை. அந்நிலையங்கள் செய்த வேலையிற் பெரும்பகுதியை இன்று கைப்பேசி செய்கிறது. அதற்குக் கதவு இல்லை. எனவே எவரையும் எவரோடும் ஒரே கூரையின்கீழ் வரச்செய்யும் நிபந்தனையும் அதற்கு இல்லை. பாகூர் வட்டத்துப் பெண்ணொருத்தி இன்று தன் கையிலேயே மருத்துவர் பட்டியலை வைத்திருக்கலாம். 2000ஆம் ஆண்டில் அதற்காக அவள் கோயிற் சுவரிலிருந்த ஒரு வாயில் வழியே, அனைவரும் காண, நடந்துபோக வேண்டியிருந்தது.