மகுடமும் ஜால்ராவும்: ஒலிப்பதிவில் நெல்லைத் தாளக்கருவிகள்

கணியான் கூத்து என்பது திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன் முதலிய தெய்வங்களுக்குக் கொடை விழா எடுக்கும்போது நிகழ்த்தப்படும் கலை. மகுடாட்டம் என்றும் இதைச் சொல்வர். அண்ணாவி எனப்படும் முதன்மைப் பாடகர், பின்பாட்டுக்காரர், பெண் வேடமிட்டு ஆடும் ஆண்கள், மகுடம் அடிப்போர் இருவர், ஜால்ரா தட்டுபவர் ஆகியோர் சேர்ந்தது ஒரு குழு. கேசட் காலத்தில் தொடங்கி இன்றைய யூடியூப் வரை இக்கலையின் ஒலிப்பதிவுகள் நிறையவே வந்துள்ளன. அவற்றில் கதை புரிகிறது, பாட்டும் கேட்கிறது. ஆனால் அடிக்கப்படும் இரண்டு மகுடங்களில் ஒன்று பெரும்பாலான பதிவுகளில் காணாமல் போய்விடுகிறது.

இரண்டு மகுடங்கள்

மகுடம் வட்டமான மரச்சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டிய, ஒரே முகமுள்ள கருவி. பார்ப்பதற்குப் பறையை ஒத்திருக்கும். ஒன்று உச்சம், மற்றது மந்தம். உச்சம் கணீரென்று மேல்தொனியில் பேசும். மந்தம் அடித்தொனியில் கும்மென்று பதில் சொல்லும். தோல் அனலில் காய்ந்தால் இறுகித் தொனி ஏறும், ஈரம் பட்டால் தளர்ந்து இறங்கும். மார்கழிப் பனியில் நள்ளிரவு தாண்டிய ஆட்டத்தில் கருவியைக் கணப்பில் காட்டிக் காட்டி வாசிப்பதன் காரணம் இதுவே.

கூத்தின் தாளம் இந்த இரண்டின் உரையாடலில்தான் இருக்கிறது. அண்ணாவி ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும் உச்சம் துள்ளிக்கொண்டு ஓடும். மந்தம் அதைப் பிடித்து நிறுத்தி அடுத்த அடிக்கு இடம் செய்து கொடுக்கும். ஆடுபவரின் கால் பெரும்பாலும் மந்தத்தையே நம்பியிருக்கிறது. மந்தம் கேட்காத பதிவில் ஆட்டக்காரர் காரணமில்லாமல் குதிப்பதுபோல் தோன்றுவார்.

மந்தம் ஏன் மறைகிறது

இதற்குக் காரணங்கள் மூன்று இடங்களில் உள்ளன: களத்தில், பதிவுக் கருவியில், கேட்கும் கருவியில். கொடை நடக்கும் இடத்தில் பொதுவாகப் பாட்டுக்காரரின் வாய்க்கு அருகில்தான் மைக் இருக்கும். ஜால்ரா தட்டுபவர் அவரை ஒட்டி நிற்கிறார். மகுடக்காரர்களோ ஆட்டத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்கிறார்கள். ஆகவே உள்ளங்கைக்குள் அடங்கும் வெண்கலத் தாளம், இரண்டு தோற்கருவிகளையும் விடப் பெரியதாகப் பதிவாகிறது.

அடுத்தது பதிவுக் கருவி. செல்பேசியும் சிறிய வீடியோ கேமராவும் ஒலி அளவைத் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஓர் அடி பலமாக விழுந்தவுடன் கருவி மொத்த ஒலியையும் அமுக்கிவிட்டு, சிறிது நேரம் கழித்து மறுபடி உயர்த்துகிறது. அடிக்கு அடி குரல் மூழ்கி எழுவதுபோல் கேட்பது இதனால்தான். பாடுபவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். பாவம், அண்ணாவிமீது பிழை இல்லை.

ஜால்ராவுக்கும் முழு நீதி கிடைப்பதில்லை. அதன் ஓசையில் சில ஆயிரம் ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள அதிர்வுகள் மிகுதி. கேசட்டில் இந்த மேல்பகுதி மழுங்கிப்போகும். இணையத்தில் கோப்பின் அளவைக் குறைக்க ஒலியை மிகவும் சுருக்கும்போது, நீண்டு ஒலிக்க வேண்டிய நாதம் தண்ணீர் சலசலப்பாக மாறுகிறது. திறந்து தட்டும் தட்டுக்கும் மூடித் தட்டும் தட்டுக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடுகிறது. தாளம் படிக்கும் மாணவருக்கு அந்த வேறுபாடுதான் பாடம்.

கடைசி அடியைக் கொடுப்பது கேட்கும் கருவி. செல்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகள் மிகவும் மெலிந்துவிடும். மந்தத்தின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பதிவில் உயிரோடு இருக்கும் மந்தம்கூட கேட்பவர் கையில் இறந்துபோகலாம்.

கொடைக் களத்திலேயே கூம்புக் குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தானே ஊர் கேட்கிறது, அதிலும் அடித்தொனி இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெருக்கோடியில் இருப்பவர் கேட்பது அந்தக் குழாயைத்தான். ஆனால் கோயில் முன்னால் தரையில் அமர்ந்திருப்பவர் மகுடத்தைக் காதால் மட்டும் கேட்பதில்லை; நெஞ்சிலும் உணர்கிறார். பதிவு எந்த இடத்தில் அமர்ந்திருப்பவருடைய செவியாக இருக்க வேண்டும் என்பதைப் பதிவு செய்பவர் முடிவு செய்தாக வேண்டும். மைக்கை எட்டிய இடத்தில் வைப்பதும் ஒரு முடிவுதான். ஆனால் அது யோசிக்காமல் எடுத்த முடிவு.

பழைய தட்டுகளும் வில்லிசையும்

தாளக்கருவிக்கும் பதிவுக் கருவிக்கும் உள்ள பிணக்கு புதியதல்ல. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன், எல்லோரும் ஒரே கூம்பின் முன் நின்று வாசித்தனர். பெரிய முரசின் அடி ஊசியையே தடுமாறச் செய்துவிடும். 1923இல் அமெரிக்காவில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு தட்டுப் பதிவு செய்தபோது, பேபி டாட்ஸ் தம் டிரம்களை ஒதுக்கிவிட்டு மரக்கட்டைகளையே பெரிதும் தட்ட வேண்டியிருந்தது. பின்னாளில் அத்தட்டுகளைக் கேட்டவர்கள் அக்கால ஜாஸ் அப்படித்தான் ஒலித்தது என்று நம்பினார்கள். மந்தமில்லாத மகுடாட்டத்துக்கும் அதே கதி நேரக்கூடும்.

வில்லிசையின் நிலை சற்று வேறு. வில், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை ஆகியவை அதன் கருவிகள். குடத்தின் வாயைப் பத்தியால் அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து எழும் ஓசை மந்த மகுடம் போலவே அடித்தொனி. வில்லில் கட்டிய மணிகளும் ஜால்ராவும் மேல்தொனி. இடையில் உடுக்கை. திருநெல்வேலிக்கு அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) வில்லிசையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்றவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய நிகழ்ச்சிகளில் சொல்லுக்கே முதலிடம். கருவிகள் அடக்கமாகப் பின்னால் வரும். கதையும் கருத்தும் சொல்வதற்கு அது பொருத்தமான முறை, ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ஆயினும் கொடையில் சாமியாடுபவரை எழுப்பும் வில்லிசை அதுவல்ல. அங்கே குடமும் உடுக்கையும் சொல்லை மீறி எழ வேண்டும். அரங்க வில்லிசைப் பதிவைக் கேட்டுவிட்டுக் கோயில் வில்லிசையை மதிப்பிடுவது தவறு.

நாகசுர மேளத்தின் பதிவுகளில் நிலைமை ஓரளவு நன்று. காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) கச்சேரிப் பதிவுகளில் ஒலித்தரம் குறைவானவற்றில்கூடத் தவில் தனித்துக் கேட்கிறது. தவிலின் ஓசையே வலியது என்பது ஒரு காரணம். வலந்தலையில் விரல்கூடுகளின் வெட்டான ஓசை, தொப்பியில் கழியின் கனத்த ஓசை என இரண்டும் ஒரே கருவியில் இருப்பதால், ஒன்று குறைந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். மகுடத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கே இரண்டு கருவிகள், இரண்டு ஆட்கள்.

திரைப்படத்தில் குறை வேறு வகையானது. நெல்லைப் பின்னணியில் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018), 'கர்ணன்' (2021) ஆகிய படங்களில் சந்தோஷ் நாராயணன் தோற்கருவிகளை வெட்கமின்றி முன்னால் வைத்தார். அது பாராட்டத்தக்கது. ஆனால் திரையரங்கில் கேட்கும் திரண்ட முழக்கத்துக்குப் பழகிய காது, ஊரில் இரண்டே பேர் அடிக்கும் மகுடத்தைச் சோனியாக எண்ணிவிடுகிறது. மகுடத்தின் அழகு பலத்தில் இல்லை, பதிலில் இருக்கிறது.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. பாட்டு மைக்கைத் தவிர இன்னொரு பதிவுக் கருவியை மகுடக்காரர்களுக்கு எதிரே சில அடி தள்ளி, ஜால்ராவுக்கு எதிர்ப்பக்கமாக வைக்கலாம். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை நிறுத்திவிட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் உச்சத்தையும் மந்தத்தையும் தனித்தனியே ஒரு நிமிடம் அடிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டால், பிறகு கேட்பவருக்கு எந்த ஓசையைத் தேட வேண்டும் என்பது தெரியும். கருவி எங்கே வைக்கப்பட்டது, தோல் எப்போது காய்ச்சப்பட்டது என்பதையும் குறிப்பேட்டில் எழுதலாம். பெரும்பாலான குறிப்பேடுகளில் கதைப்பாடலின் பெயரும் அண்ணாவியின் பெயரும் இருக்கும். மந்தம் அடித்தவரின் பெயர் இருக்காது.