நடுவில் இருக்கும் மஞ்சள்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நர்சரி வாசல்களில் பாயின்செட்டியா தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். வாங்க வருபவரின் கை, இருப்பதிலேயே அதிகமாகச் சிவந்த தொட்டிக்குத்தான் முதலில் போகும். அந்தச் சிவப்பு, பூ அல்ல, இலை. காகிதப்பூவில் நிறம் காட்டுவதும் இப்படிப்பட்ட இலைதான். பாயின்செட்டியாவின் உண்மையான பூக்கள், சிவந்த இலைகள் கூடும் நடுவிடத்தில், மிளகு அளவில் மஞ்சளும் பச்சையுமாகக் கொத்தாக இருக்கும். இந்தச் செடியை ரசிப்பதும் தேர்ந்தெடுப்பதும் அந்த மஞ்சளிலிருந்து தொடங்க வேண்டும்.

மொட்டுகள் இறுக மூடியிருந்தால் செடி இளமையாக இருக்கிறது, சிவப்பு பல வாரம் நிற்கும். விரிந்து மகரந்தம் உதிர்ந்திருந்தால், எவ்வளவு பளபளப்பாகத் தெரிந்தாலும் அதன் பருவம் முடியப்போகிறது. அடியில் பச்சை இலைகள் தண்டை மறைத்து நிற்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டால், தேர்வு முடிந்தது.

மெக்சிகோவின் மலைச்சரிவுகளில் ஆளுயரத்துக்கு மேலும் வளரும் புதர் இது. ஆஸ்டெக் மக்கள் இதன் சிவந்த இலைகளிலிருந்து சாயம் எடுத்தார்கள். 1820களின் இறுதியில், மெக்சிகோவில் அமெரிக்காவின் முதல் தூதராக இருந்த ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் தென் கரோலினாவிலிருந்த தன் வீட்டுக்கு இதை அனுப்பினார். செடிக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. மெக்சிகோவில் இதை 'நோச்சே புவேனா' என்கிறார்கள். கிறிஸ்து பிறந்த இரவுக்கு ஸ்பானிய மொழியில் உள்ள பெயர் அது.

இரவின் பெயர் இந்தச் செடிக்கு மிகவும் பொருந்துகிறது. இதைச் சிவக்க வைப்பது வெயில் அல்ல, இருட்டு. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் மேல் இலைகள் பச்சையை விட்டு நிறம் மாறும். நடுவில் விளக்கைப் போட்டுப் போட்டு இருட்டைக் கலைத்தால் நிறம் தள்ளிப்போகும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலியோரங்களில் யாரும் கவனிக்காமலே இது குளிர்காலத்தில் சிவந்து நிற்பதற்கு அந்த நீண்ட இரவுகளே காரணம்.

வீட்டுக்கு வந்த பாயின்செட்டியாக்கள் பெரும்பாலும் சாவது தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் மிகுந்துதான். பரிசுக்காகச் சுற்றிய பளபளக்கும் தாள் தொட்டியின் துளையை அடைத்துவிடும்; வேர் ஊறி அழுகும். தாளை அவிழ்த்துவிடலாம், மனமில்லை என்றால் அடியில் கிழித்துவிடலாம். விரலால் தொட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றி, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். வெளிச்சமான ஜன்னலோரம் நல்லது, ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடம் கூடாது.

இலையைக் கிள்ளினால் பால் வடியும். இது அம்மான் பச்சரிசிக்கும் சதுரக்கள்ளிக்கும் உறவு. பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கழுவிவிட்டால் போதும். தின்றால் உயிரே போய்விடும் என்ற பேச்சு உண்மையல்ல, வயிறு கலங்கலாம். ஆனாலும் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரமே சரி.

சிவப்பு உதிர்ந்ததும் பலர் தொட்டியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வருத்தமான பழக்கம். கோடை தொடங்கும்போது தண்டை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்கும். அக்டோபர் தொடக்கத்திலிருந்து மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரை ஓர் அட்டைப்பெட்டியால் மூடி, பகலில் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். 8 முதல் 10 வாரத்தில் அதே செடி மறுபடி சிவக்கும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கள்ளி இருக்கிறது. பாலைவனக் கள்ளி அல்ல. பிரேசிலின் ஈரமான மலைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. அதனால் கடும் வெயில் ஆகாது, நீர் தேங்காத லேசான கலவை வேண்டும். மொட்டு வைத்த பிறகு இடம் மாற்றினால் மொட்டுகள் கொட்டிவிடும். இரண்டு மூன்று கணுக்களைத் திருகி எடுத்து ஊன்றினாலே புதுச் செடி. இதுவும் இரவு நீள்வதைப் பார்த்தே பூக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இரவுகள் நீளத் தொடங்குவது வேறு மாதங்களில் என்பதால், பிறந்த நாட்டில் இதற்குப் பெயர் 'மே மாதப் பூ'.