காகிதத்தில் இறந்தவர்: 'கட்ச் - 22' நாவலும் சப்ரகமுவ வாசகரும்

ஜோசப் ஹெல்லரின் 'கட்ச் - 22' (1961) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் தலைப்புக்குரிய விதியோடு நின்றுவிடுகின்றனர். சித்தங்கலங்கிய விமானப்படையினன் குண்டு வீசச் செல்ல வேண்டியதில்லை. ஆனால், விலக்கினை அவனே கேட்க வேண்டும். கேட்ட மாத்திரத்தே சித்தந் தெளிந்தவனாகிவிடுகிறான். இதனைப் போரின் பைத்தியக்காரத்தனம் எனக் கூறி அமைவது போதாது. அந்நாவலில் யாவும் கணக்குடனேயே நடைபெறுகின்றன. பறப்புக்களின் எண்ணிக்கையைக் கேணல் கத்கார்ட் உயர்த்திச் செல்வது தமது பதவி உயர்வுக்காகவே.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவருக்கு இத்தகைய விதி புதியதன்று. 'துண்டு' முறையை நினைவுகூரலாம். கடன் தீராமல் தொழிலாளி தோட்டத்தை விட்டு நீங்க முடியாது. கடன் தீர்க்கப்பட்டால் அவனை விடுவிப்பதாகத் துண்டு எழுதப்படும்; புதிய தோட்டம் கடனைத் தீர்த்து அவனை எடுத்துக்கொள்ளும். அக்கடனோ அங்கும் அவன் பெயரிலேயே ஏறும். 1921இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

எனினும், நாவலின் உயிர்நிலை வைத்தியர் டனீக்காவின் கதையே என்பது எமது கருத்து. பறப்புக்குரிய படியைப் பெறுவதற்காக, ஏறாத விமானத்தின் பதிவேட்டில் அவர் தம் பெயரை எழுதுவிக்கிறார். விமானம் மலையில் மோதுகின்றது. கரையில் நிற்கும் வைத்தியர் இறந்தவராகிறார். உணவும் ஊதியமும் நின்றுபோகின்றன. மனைவிக்குக் காப்புறுதிப் பணம் வந்து சேர, அவளும் முகவரி கூறாது வேற்றூர் செல்கிறாள். எவரும் அவரை வெறுக்கவில்லை. பதிவேடே அவரைக் கொன்றது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்த தந்தைக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. 1964இல் இரு பிரதமர்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவராயினர். நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. டனீக்காவை நோக்கி நகைக்கும் எம்மவர் நகைப்பு இடையில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே.

மைலோ மைண்டர்பைண்டர் என்னும் வணிகப் பாத்திரமும் எமக்கு அந்நியனல்லன். எல்லோருக்கும் பங்குண்டு எனக் கூறிக்கொண்டே சொந்தப் படைமுகாமின்மீது குண்டு வீசுவிப்பவன் அவன். 1942இல் மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. மரம் பட்டுப்போனாலும் சரியென்று பால் வெட்டப்பட்டது. வெட்டியவருக்கு எப்பங்கும் எழுதப்படவில்லை. ஆறாண்டுகளின் பின் அவர்களிடமே சான்று கேட்கப்பட்டது.

இவ்விடத்திலேயே ஹெல்லரின் எல்லையும் புலப்படுகின்றது. அவர் காட்டும் உலகம் அதிகாரிகளும் விமானிகளும் கொண்டது. விமானத்தைப் பழுதுபார்ப்பவன் அங்கே ஏறக்குறையப் பேசுவதேயில்லை. சாதாரணச் சிப்பாயை நடுநாயகமாக்கிய ஹசெக்கின் 'ஷ்வெய்க்' இவ்வகையில் ஒருபடி மேலானது. முடிவோ இன்னும் இடர்ப்பாடானது: யொசாரியன் தனியே சுவீடனை நோக்கி ஓடுகிறான். விதி அங்கேயே இருக்கின்றது. அடுத்தவன் அவனிடத்திற் பறப்பான். தப்பியோடுதலே எதிர்ப்பாகுமா என்னும் வினா எஞ்சுகின்றது. சப்ரகமுவ வாசகருக்கு அவ்வினா தவிர்க்க முடியாதது. தலைமன்னாரிற் கப்பலேறியோர் பலருக்குப் போகுமிடம் கண்டறியாத நாடு. அவர்கள் ஓடவில்லை, அனுப்பப்பட்டனர்.