தீயைத் தாண்டிய குதிரை

நம்ம ஊர் ஐயனார் கோயில் மண்குதிரையை ‘வீரத்தின் சின்னம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. விறைத்த கழுத்தும் பிதுங்கிய கண்ணும் ஆண்மையின் உருவம்தான்; ஆனால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெறும் கூடு! வேளார்கள் கால்களைக் குழாயாக வனைந்து, உடம்பை மண்திரி அடுக்கி எழுப்புகிறார்கள். ஈரம் தங்கிய கனத்த மண் சூளையில் வெடித்துவிடும். கூடாக இருப்பதால்தான் குதிரை தீயைத் தாண்டுகிறது.

புதுச்சேரியில் 1971இல் டெபோரா ஸ்மித்தோடு கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கர், 1980களில் மண்வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். பிரமிப்புதான், சும்மா சொல்லக் கூடாது. என்றாலும் தீயை ஜெயித்துக் காட்டும் ஆண்பிள்ளைத்தனம் அதில் கொஞ்சம் தூக்கல்.

புறநானூறு 228இல் ஐயூர் முடவனார், மாண்ட கிள்ளிவளவனுக்கு ஈடான தாழியை எப்படி வனைவாய் என்று குயவனைக் கேட்கிறார். 256இல் ஒருத்தி, கணவனோடு தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். முன்னது புகழின் அளவு. பின்னது துணையின் அளவு. எனக்குப் பின்னதே பெரிது.

மறைந்த அப்பாவுக்காக மண்ணைப் பிசையும் இன்றைய கலைஞர்கள் ஆளுயரத்தைத்தான் தேடுகிறார்கள். காவிரிக்கரையில் பிள்ளை தோளில் ஏற்றுவதோ சிறு குடம். சூளையில் ஒருமுறை வெந்தது. துளைபட்டு, தண்ணீர் ஒழுகி, சிதைக்குத் தீ வைக்குமுன் உடைகிறது. அதை வனைந்து வைத்த கண்காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.